கடைசி வரிசை

"மெயின்டனன்ஸ் சார்தானே? சென்ட்ரல் ஸ்டோர்லேருந்து பேசறேன். உங்க பெட்டிக்கு நாள் குறிச்சாச்சு சார்."

ஸ்டோர் கீப்பரின் குரலில் எப்போதும் பாதிச் சிரிப்பு இருக்கும். அவரை நேரில் பார்த்தது இரண்டு முறைதான். ஆனால் பதினான்கு வருடமாக இவர் போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் டைப் அடித்து அனுப்பிய ஆள் அவர்தான். அதுவே ஒரு பழக்கமாகியிருந்தது.

"எப்போ?" என்றார் இவர்.

"வெள்ளிக்கிழமை லாரி வருது. இரும்போட இரும்பா போயிடும். எங்க ஃபைலை இவ்வளவு குண்டாக்கின மனுஷனாச்சே, ஒரு வார்த்தை சொல்லிடலாம்னுதான்."

இவர் சுவர்க் காலண்டரில் வெள்ளிக்கிழமையைத் தேடினார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இருந்தா 'உம்'னாவது சொல்லணும் சார். கிணத்துல கல்லைப் போட்ட மாதிரி இருக்கு."

"சீலை உடைச்சு ஒரு தடவை பாக்கலாமா?"

"கழிவுன்னு எழுதினப்புறம் சீல் எதுக்கு? வியாழக்கிழமை வாங்க. ஒரு நாள்தான். இத்தனை வருஷம் எதைப் பாக்கணும்னு கேட்டீங்களோ, அதை அன்னிக்கே பாத்துடுங்க."

ரிசீவரை வைத்துவிட்டு வெகுநேரம் அதன் பக்கத்திலேயே நின்றார். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இன்னும் எல்லாருக்கும் அவர் 'மெயின்டனன்ஸ்'தான். பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாததால் சில நாட்களில் அவருக்கே அதுதான் தன் பெயர் என்று தோன்றும். ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, ஒரு மேசை. மேசைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்றில் பழைய செய்தித்தாள் இடுப்பளவு உயர்ந்திருந்தது.

அந்தப் பெட்டி ஒரு கம்ப்யூட்டரின் ஞாபகம்.

ஆற்று நீர்மட்டத்தைக் கணிக்கும் அலுவலகத்தில் இரண்டாவது மாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு அந்த மெஷின் ஒன்பது வருடம் ஓடியது. மலையில் எவ்வளவு மழை, எந்த மதகு திறந்திருக்கிறது என்று எண்களைக் கொடுத்தால், மூன்றாம் நாள் பாலத்தடியில் தண்ணீர் எத்தனை அடி நிற்கும் என்று சொல்லும். பீரோ பீரோவாக நின்ற அந்த மெஷினில் ஞாபகம் இருந்த இடம் என்னவோ ஒரு ரொட்டிப் பெட்டி அளவுதான். ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் கடுகளவு கருப்பு வளையங்கள், வரிசைக்கு அறுபத்து நான்காக அறுபத்து நான்கு வரிசை. ஒவ்வொரு வளையத்தின் துளைக்குள்ளும் தலைமுடி போன்ற நான்கு கம்பிகள். கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கோ யாரோ உட்கார்ந்து கையால் கோத்தது. வளையத்தின் காந்தம் ஒரு பக்கம் சுற்றினால் ஒன்று; மறுபக்கம் சுற்றினால் பூஜ்யம். ஒரு எழுத்துக்கு ஆறு வளையம் வேண்டும், சட்டத்துக்கு ஒன்றாக, ஒன்றன் கீழ் ஒன்று. ஏழாவது சட்டம் தப்பு வந்தால் காட்டிக் கொடுப்பதற்கு.

அவருக்கு அந்த வளையங்களிடம் ஒரு மரியாதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் பார்த்தது பாதரச மெஷின். அதற்கு ஞாபகம் என்பது சத்தம். பாதரசம் நிரப்பிய நீளக் குழாயின் ஒரு முனையில் துடிப்புகளைத் தட்டிவிட்டால், அவை மறுமுனைக்குப் போய்ச் சேரும். அங்கே பிடித்து, திரும்பவும் முதல் முனைக்கே கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்வரை ஞாபகம் இருக்கும். அறையின் சூடு கொஞ்சம் மாறினால் பேச்சு குழறும். மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. வளையம் அப்படியல்ல. மின்சாரத்தை நிறுத்தினாலும் கடைசியாக எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கமே நிற்கும். ஒரு நாளோ, ஒரு வருடமோ, அதற்குக் கணக்கில்லை.

இதை அவர், கூட வேலை பார்த்த புரோகிராமர் அம்மாவிடம் சொன்னது மெஷின் வந்த முதல் வருடம். சொன்னார் என்பதைவிட, அவள் கேட்டுக் கேட்டுப் பிடுங்கினாள் என்பதுதான் சரி.

"அந்தப் பாதரச மெஷின் எங்க மாமியார் மாதிரி" என்றாள் அவள். "சொன்னதையே சொல்லிட்டிருந்தாத்தான் அவங்களுக்கு ஞாபகம் நிக்கும். நிறுத்தினா மறந்துடும். அதனால நிறுத்தறதே இல்ல."

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு சிரித்தார்.

அவளுக்குக் கணவன் இறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. மாமியார், ஒரு மகள், இந்த வேலை. மழைக் கணக்கை மெஷினுக்குப் புரியும்படி எழுதுவது அவள் பாடு. மெஷின் ஒழுங்காக இருப்பது அவர் பாடு. இருவர் மேசைக்கும் நடுவில் பிரிண்டர்.

"இன்னொண்ணு சொல்லுங்க. வளையத்துல ஒண்ணா பூஜ்யமான்னு எப்படிப் பாப்பீங்க?"

"பாக்க முடியாது. பூஜ்யத்துப் பக்கம் தள்ளணும். திரும்பிச்சுன்னா கம்பியில ஒரு துடிப்பு வரும். அப்போ ஒண்ணா இருந்திருக்கு. வரலைன்னா ஏற்கெனவே பூஜ்யம்."

"எப்படியும் கடைசியில பூஜ்யமாயிடுதே!"

"ஆயிடும். அதான் படிச்ச உடனே மெஷின் திரும்ப எழுதிடும்."

"எழுதலைன்னா?"

"போச்சு."

அவள் பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தாள். "ஒரு தடவை படிச்சா அழிஞ்சு போற கடுதாசி" என்றாள் தனக்குள்.

அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. மாலையில் மெஷினை நிறுத்துவதற்கு முன் புரோகிராமர் ஞாபகத்தின் கடைசி வரிசையில் ஏதாவது ஒரு சொல்லை எழுத வேண்டும். மறுநாள் காலை மெயின்டனன்ஸ் அந்த வரிசையை அச்சடித்துப் பார்த்து, இரவெல்லாம் மின்சாரம் இல்லாமலும் ஞாபகம் நின்றதா என்று பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் மாதம் முழுக்க அவள் எழுதியது 'சோதனை' என்ற ஒரே சொல். பிறகு ஒருநாள் 'மழை' என்று வந்தது. அப்புறம் 'குடை மறந்தேன்'. அப்புறம் 'மகளுக்கு அம்மை'. 'தூக்கமில்லை'. ஒருநாள் காலையில் காகிதத்தில் 'தலைவலி' என்று வந்தது. அவர் வழக்கம்போல் குறிப்புப் பத்தியில் 'சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எனக்குத் தலைவலின்னு எழுதினா, சரியாக உள்ளதுன்னு எழுதறீங்களே, நீங்க மனுஷனா?"

அன்று மத்தியானம் அவள் மேசையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. வைத்தவரும் சொல்லவில்லை.

அந்த வரிசைக்காக அவர் ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்தார். அவள் ஐந்து மணிக்கு எழுதிவிட்டுப் போவாள். ஆறு மணிக்கு மெஷினை நிறுத்துமுன் அவர் ஒரு சோதனை ஓட்ட வேண்டும். வளையங்களில் ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று மாற்றி மாற்றி நிரப்பிப் பார்க்கும், துளை போட்ட காகித டேப் அது. கம்பெனி கொடுத்த சாம்பல் நிற டேப் எல்லா வரிசையையும் நிரப்பும். முதல் மாதம் அவர் அதை ஓட்டிவிட்டு, அதன் பிறகு அவள் எழுதிய சொல்லைத் தானே திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். பின்பு அது பிடிக்கவில்லை. அவள் எழுதியது அவள் எழுதியதாகவே இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கடைசி வரிசையை மட்டும் தொடாத ஒரு புது டேப்பை மஞ்சள் காகிதத்தில் துளையிட்டு எடுத்தார். சாம்பல் டேப்பை டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தார். ஒன்பது வருடம் ஓடியது மஞ்சள் டேப்தான். இது ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கும்.

ஒன்பதாவது வருடம் புது மெஷின் வந்தது. அவள் மகளுக்கு வேறு ஊரில் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் அந்த ஊருக்கே மாற்றல் கேட்டாள், கிடைத்துவிட்டது.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், டீ குடிக்கும்போது, அவர் தானாக ஒரு பேச்சைத் தொடங்கினார். ஒன்பது வருடத்தில் அது முதல் தடவை.

"நானும் அந்த ஊருக்கு வரட்டுமா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

பதில் சொல்ல அவருக்கு அரை டம்ளர் டீ ஆறும் நேரம் ஆயிற்று. "இங்க தனியா இருக்க முடியும்னு தோணலை."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். "நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

மறுநாள் மூன்று மணிக்கே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். மாலை ரயில். "வழக்கமான இடத்துல எழுதியிருக்கேன். காலையில பாருங்க. இப்போ பாத்துடாதீங்க, எனக்கு வெக்கமா இருக்கும்." சொல்லிவிட்டு, படியில் வேகமாக இறங்கிப் போனாள். நாற்பத்திரண்டு வயதுப் பெண் பள்ளிக்கூடப் பெண்ணைப்போல் இறங்கிப் போனதை அவர் ஜன்னலில் நின்று பார்த்தார்.

மெஷினை ஒப்படைப்பது மறுநாள் மத்தியானம் என்றுதான் ஏற்பாடு. ஆனால் நாலு மணிக்கே பொறுப்பெடுக்கும் அதிகாரி ஆட்களோடு வந்து நின்றார். நாளைக்கு லாரி கிடைக்காதாம். இவர் பேச வாயெடுப்பதற்குள் இரண்டு பேர் பிரிண்டர் கேபிளைக் கழற்றிவிட்டார்கள். அதிகாரி அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பொருளாகப் பட்டியலில் சரிபார்த்தார், ஒரு டேப்பை நீட்டினார், கடைசிச் சோதனையை ஓட்டிக் காட்டச் சொன்னார். இவர் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. ரயில் இன்னும் புறப்பட்டிருக்காது என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது. சோதனையை ஓட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. கையெழுத்துப் போட்டார். மெழுகு சீல் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். காலி அறையில், தரையில் பீரோக்கள் நின்ற இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

அவளுடைய பதில் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அவர் விண்ணப்பம் போட்டார். 'தொழில்நுட்ப ஆய்வு நிமித்தம்' என்று எழுதினார். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.

இரண்டாம் மாதம் அவளிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அதில் அவளுடைய புது முகவரியும், கீழே ஒரு தொலைபேசி எண்ணும். வேறு ஒரு வரி கிடையாது. அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சம்மதம் என்றால் ஒரு வார்த்தை எழுதியிருப்பாளே. மறுப்பு என்றால் முகவரி எதற்கு? பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், அதற்குள் அவசரப்பட்டுக் கேட்டு அசடு வழிய வேண்டாம் என்று முடிவு செய்தார். பதில் அட்டையில், 'கிடைத்தது. நன்றி' என்று எழுதிப் போட்டார்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவான் என்பார்கள். அவர் அலையக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே காத்திருந்தார். ஒரு வருடம் போனதும், ஏன் ஒரு வருடம் பேசவில்லை என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் வந்தது. இரண்டு வருடம் போனதும் அது இரட்டிப்பாயிற்று. பிறகு அவர் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டார். பதில் எங்கும் போகாது, வளையம் மறக்காது. இந்த ஒரு நினைப்பு அவருக்கு வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதைப்போல இருந்தது. மாலையில் கதவைத் திறந்து உள்ளே வந்து விளக்கைப் போடும்போது, எங்கோ ஒரு கிடங்கின் இருட்டில் தனக்கு எழுதிய ஒரு சொல் அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அதைப் படிக்காமல் இருப்பதும் ஒரு விதத்தில் வசதியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை இரண்டு பையோடு கிடங்குக்குப் போனார். ஒன்றில் அவரே செய்த கருவி. அதைச் செய்து முடித்து ஆறு வருடம் ஆகிறது. இன்னொன்றில் பழைய நண்பரிடம் இரவல் வாங்கிய ஆசிலாஸ்கோப். துடிப்பை ஒரு சின்னப் பச்சைக் கோடாகக் காட்டும் பெட்டி.

"சீர்வரிசை பலமா இருக்கே சார்" என்றார் ஸ்டோர் கீப்பர். "என்னதான் இருக்கு உள்ள? புதையலா?"

"ஒரு வார்த்தை."

"ஒரு வார்த்தைக்கா பதினாலு வருஷம்? எங்க வீட்டுல நிமிஷத்துக்கு நூறு வருது, எடுத்துட்டுப் போங்க."

ஜன்னலோரம் ஒரு மேசையைக் காலி செய்து கொடுத்தார். பெட்டியின் சீலை ஸ்டோர் கீப்பரே உடைத்தார். மெழுகு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே சட்டங்கள் தூசில்லாமல் இருந்தன. வெளிச்சம் பட்டதும் கம்பிகள் செம்பு நிறத்தில் மின்னின.

கம்பிகளைத் தேடி இணைக்கவே மத்தியானமாகிவிட்டது. வளையத்தைத் தள்ளும் மின்னோட்டம் கொஞ்சம் குறைந்தால் வளையம் திரும்பாது. கொஞ்சம் கூடினால் பக்கத்து வளையமும் சேர்ந்து திரும்பிவிடும். ஒரு தடவைதான் படிக்க முடியும். படித்ததைத் திரும்ப எழுத இந்தக் கருவிக்குத் தானாகத் தெரியாது. அதனால் முதலில், இழந்தாலும் பரவாயில்லாத முதல் வரிசையில் கை பழகினார். முதல் வளையத்தைத் தள்ளினார். பச்சைக் கோடு ஒரு கணம் துள்ளி அடங்கியது. ஒன்று. அடுத்தது, அசைவில்லை. பூஜ்யம். அடுத்தது துள்ளியது. ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்.

கடைசி நாள் அவர் ஓட்டிய சோதனை. அப்படியே இருந்தது. ஒரு வளையம்கூடப் பிசகவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினான்கு வருடம், மழை, வெயில், எலி, எல்லாம் கடந்து நின்றிருக்கிறது. முதல் வரிசை நின்றால் கடைசி வரிசையும் நின்றிருக்கும்.

கட்டம் போட்ட காகிதத்தை எடுத்து வைத்தார். பென்சிலைச் சீவினார். சீவிய பிறகு இன்னொரு தடவை சீவினார்.

கடைசி வரிசை, முதல் எழுத்து. ஆறு சட்டங்களிலும் ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒன்று. பூஜ்யம். ஒன்று. பூஜ்யம். ஒன்று. பூஜ்யம்.

எழுத்துகளின் எண்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்படி ஒரு எழுத்து கிடையாது.

கருவியில் ஏதோ பிசகு என்று கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார். பிசகு இல்லை. இரண்டாவது எழுத்து. பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், ஒன்று.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

வைத்தபோதுதான் அந்த டேப் மனக்கண்ணில் தெரிந்தது. அதிகாரி அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து, மூடியைத் திருகி நீட்டுகிறார். "கம்பெனி டேப்பைத்தான் போடணும் சார், ரூல்ஸ்." இவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கை நீட்டி வாங்குகிறார். சாம்பல் நிறம். ஒன்பது வருடமாக மஞ்சள் டேப்பைப் போட்ட கை, அன்று சாம்பல் டேப்பைப் போட்டது. கண்ணும் பார்த்தது. கருத்து மட்டும் ரயில்வே ஸ்டேஷனில் இருந்தது. அவள் எழுதி ஒன்றரை மணி நேரத்துக்குள் அவரே அழித்துவிட்டார். பச்சை விளக்கு எரிந்தது. 'சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மிச்சமிருந்த அறுபத்திரண்டையும் அவர் படித்தார். எதற்கென்று தெரியாது. ஒன்று பூஜ்யம், பூஜ்யம் ஒன்று என்று கட்டம் கட்டமாகக் காகிதத்தில் நிரப்பினார். கடைசிக் கட்டம்வரை. இத்தனை வருடம் வீட்டில் கூடவே இருந்ததாக நினைத்த ஆள், அவர் கைப்பட எழுதிய சோதனைக் கோலம்.

ஸ்டோர் கீப்பர் வந்து எட்டிப் பார்த்தபோது அவர் காகிதத்தின் முன் கல்போல உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், வார்த்தை கெடச்சுதா?"

அவர் தலையை அசைத்தார். இல்லை என்று.

ஸ்டோர் கீப்பர் கேலி செய்யத் திறந்த வாயை மூடிக்கொண்டார். "எழுதினவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்கன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்போ இந்தப் பெட்டியை எதுக்கு சார் நோண்டறீங்க? போன் என் ரூம்ல இருக்கு. வெளியூர்னாலும் பரவாயில்ல, பேசுங்க. நான் போய் டீ குடிச்சிட்டு வரேன்."

எண் அவருக்கு மனப்பாடம். சுழற்றினார். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"ஹலோ" என்றது ஒரு பெண் குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது. "ஹலோ, யாரு?"

அவர் ரிசீவரை வாயருகே இழுத்துக்கொண்டார்.

"யாருங்க? பேசுங்க... ஹலோ?" குரல் நின்றது. மறுமுனையில் ஒரு குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. பிறகு மெதுவாக: "மெயின்டனன்ஸா?"

"ஆமா."

"அதானே பாத்தேன். போன் பண்ணிட்டுப் பேசாம இருக்கிற ஆளு வேற யாரு?"

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். முட்டி வலி. மாமியார் போய்ச் சேந்தாங்க. மக குடும்பம் என்னோடதான் இருக்கு." அவள் மூச்சு வாங்கினாள். "இதைக் கேக்கவா பண்ணினீங்க?"

"இல்ல." ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். "நீங்க எழுதினதை நான் படிக்கலை."

"என்னது?"

"கடைசி நாள் எழுதினீங்களே. நான் படிக்கலை. அன்னிக்கே சோதனை ஓட்டி அழிச்சிட்டேன். வேற டேப். எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இத்தனை நாள் உள்ள இருக்குன்னு நெனச்சேன்."

அவள் வைத்துவிட்டாளோ என்று நினைத்தார். 'லைன்ல இருக்கீங்களா' என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

"படிச்சிட்டுத்தான் பேசாம இருந்தீங்கன்னு நெனச்சேன்" என்றாள் கடைசியில். "பதில் அட்டையில நன்றின்னு போட்டிருந்துதே. பெரிய மனுஷன், நாசூக்கா வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு நெனச்சேன்."

"என்ன எழுதினீங்க?"

"எதுக்கு இப்போ?"

"சொல்லுங்க."

"வாங்கன்னு எழுதினேன். வேற என்ன எழுதுவேன்."

அவர் ஸ்டோர் கீப்பரின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் யாருடைய குடும்பப் புகைப்படமோ இருந்தது. எல்லாரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பாத்தீங்களா, இப்பவும் பேச மாட்டேங்கிறீங்க" என்றாள் அவள். "முதல்ல ரெண்டு மூணு வருஷம் தினம் நெனப்பேன். நீங்க சொல்லுவீங்களே, படிச்சா திரும்ப எழுதணும்னு. அந்த மாதிரி, நெனச்சு நெனச்சு எழுதி வச்சுப்பேன். அப்புறம் மகளுக்குக் கல்யாணம், பேரன். ஒருநாள் எழுத விட்டுப்போச்சு. கோபம் இல்ல. விட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

"இப்போ வரட்டுமான்னு கேட்டா என்ன எழுதுவீங்க?"

கேட்டது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

அவள் சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்புதான். "எங்க எழுதறது? மெஷின்தான் போயிடுச்சே."

"வாயால சொல்லலாம்."

"அதை நீங்க சொல்றீங்களா!" பின்னால் கதவு திறக்கும் சத்தமும், ஒரு சின்னக் குரல் பாட்டி என்று கத்துவதும் கேட்டது. "பேரன் வந்துட்டான். ஸ்கூல் விட்டு வந்தா உடனே ஏதாவது சாப்பிடணும் அவனுக்கு. தெரியலை. எனக்குத் தெரியலை. ஊர்ப்பக்கம் வந்தா வாங்க, டீ தரேன். வச்சிடறேன்."

வைத்துவிட்டாள்.

அவர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அந்த 'கொர்' என்ற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஜன்னலோர மேசைக்குத் திரும்பினார். கருவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் இப்போது எல்லாம் பூஜ்யம். அவர் படித்ததால் பூஜ்யமானவை, முன்பே பூஜ்யமாக இருந்தவை, இரண்டுக்கும் இனி வித்தியாசம் கிடையாது.

படித்ததைத் திரும்ப எழுத வேண்டும். அதுதான் முறை. இணைப்புகளை மாற்றிப் போட்டு, மின்னோட்டத்தை எதிர்ப்பக்கம் திருப்பினார். வரிசையின் தொடக்கத்தில், அவள் எப்போதும் தொடங்கும் இடத்தில், சட்டம் சட்டமாக, ஒவ்வொரு வளையத்தையும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பினார். 'வாங்க'. ஏழாவது சட்டத்தையும் விடவில்லை. எழுதியது சரியா என்று படித்துப் பார்க்கக் கை போயிற்று, பார்க்காமல் இழுத்துக்கொண்டார். கருவியை அணைத்தார்.

ஸ்டோர் கீப்பர் வந்தபோது அவர் கம்பிகளைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"பேசினீங்களா?"

"பேசினேன்."

ஸ்டோர் கீப்பர் அவர் முகத்தைப் பார்த்தார். சட்டங்களைப் பெட்டிக்குள் வைக்க ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தார். "ஒண்ணை வேணா எடுத்துட்டுப் போங்க சார், ஞாபகமா இருக்கும். யாரு எண்ணப் போறா?"

"ஒண்ணை எடுத்துட்டுப் போய் ஒண்ணும் பண்ண முடியாது. ஆறும் சேந்தாத்தான் எழுத்து."

"அப்போ ஆறையும் எடுங்க."

"வேண்டாம்" என்றார். அந்தச் சொல் அவள் மெஷினுக்குச் சொன்னது. அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றியது.

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. வந்த பஸ்ஸில் ஏறாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நாளைக் காலை லாரி வரும். ஒரு நாள்கூட இருக்காது அந்தச் சொல். ஆனால் அதுவரை இருக்கும். அடுத்த பஸ் வந்தது. நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு, "எங்க பெரியவரே?" என்று கேட்டார்.

பஸ் காத்திருந்தது.

"ரயில்வே ஸ்டேஷன்" என்றார். "இன்னிக்கு ஊருக்குப் போகலை. எத்தனை மணிக்கு வண்டின்னு கேட்டுட்டு வரணும்."

"அதை ஏறிட்டுச் சொல்லுங்க" என்றார் நடத்துநர்.